அங்கத்தினர் கல்வி: திருமணமும் பதிவேடும்

பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் வேண்டும். பட்டாசு விற்கும் கடைக்கு லைசென்ஸ் வேண்டும். தீப்பெட்டி ஆபீசுக்கும் லைசென்ஸ் வேண்டும். இவ்வாறு அச்சொல்லோடு பிறந்து வளரும் சிவகாசி வட்டாரத்தில், ஒரு சங்கத்தின் பேரவைக் கூட்டம் முடிந்ததும் முதிய அங்கத்தினர் ஒருவர் நம்மை அணுகினார். "ஐயா, கல்யாணத்திற்கும் இப்போது லைசென்ஸ் எடுக்க வேண்டுமாமே, மெய்தானா? தை மாதம் பேத்திக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம்" என்று வினவினார். அருகிலிருந்த இளைஞர்கள் நகைத்தனர். ஆனால் அவர் கேட்டது நகைப்பதற்குரிய கேள்வி அன்று. அதற்கு நேரான விடையை அங்கிருந்த இளைஞர்களுள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. ஆகவே இம்மாதப் பாடமாக அதனையே எடுத்துக்கொண்டோம்.

முன் அனுமதியா, பின் பதிவா?

திருமணத்திற்கு முன்னரே அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டைப் பெற்று, அதன் பின்னரே மணம் முடிக்கும் முறை சில நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் அச்சீட்டு இன்றி மணம் நடத்தி வைப்பது வழக்கமில்லை. நம் வட்டாரத்து மக்கள் பலர் சென்று வாழும் சிங்கப்பூரில், மணம் புரிய விரும்புவோர் குறைந்தது 21 நாட்களுக்கு முன்னர் பதிவகத்தில் அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும்.

நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு முறை வேறு. குடும்ப வழக்கப்படி மணம் முதலில் நடக்கிறது. பதிவு அதன் பின்னர் வருகிறது. லைசென்ஸ் என்ற சொல்லுக்கு இந்நாட்டு மணச் சட்டங்களில் இடம் ஒன்று உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, மணத்தை நடத்தி வைக்கும் குருமார் சிலர் அதற்கென அரசின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அங்கும் உரிமம் நடத்தி வைப்பவருக்கே அன்றி மணமக்களுக்கு அன்று.

ஆகவே அப்பெரியவருக்கு நாம் கூறிய விடை இது: "பேத்தியின் கல்யாணத்திற்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் கல்யாணம் முடிந்த 90 நாட்களுக்குள் அதனைப் பதிவு செய்தல் வேண்டும். மொய் நோட்டு எழுதுவதை எவ்வளவு கருத்தாகச் செய்வீர்களோ, அவ்வளவு கருத்தாக இதனையும் செய்யுங்கள்."

பதியாத மணத்தால் நேர்ந்த துன்பம்

இஃது ஏன் கூட்டுறவுச் சங்கத்தின் கவலையாதல் வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். தணிக்கையின் போது நாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுவோம். சங்கத்தின் பெயரும் குடும்பத்தின் பெயரும் இங்கு வேண்டுவதில்லை.

நெசவாளர் சங்கம் ஒன்றில் இறந்த அங்கத்தினர்களின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தோம். ஒருவருடைய பங்குத் தொகையும் சிக்கன நிதியும் கொடுபடாமல் மாதக்கணக்கில் நின்றிருந்தன. காரணம் கேட்டோம். அவர் தறியில் வேலை குறைந்த மாதங்களில் பட்டாசு ஆலைக்குச் சென்று வந்தவர். மருந்து கலக்கும் அறையில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். மனைவிக்கு வயது 29. மகளுக்கு வயது 6. சங்கத்தில் சேர்ந்தபோது அவர் மணமாகாதவர். ஆதலால் நாமினியாகத் தந்தையின் பெயரை எழுதியிருந்தார். அத்தந்தையோ மகனுக்கு முன்னரே காலமாகிவிட்டார். மணம் முடிந்த பின்னர் நாமினியை மாற்றும்படி யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

வாரிசுச் சான்று கொண்டு வரும்படி சங்கம் கூறிற்று. அப்பெண் தாலுகா ஆபீசுக்குச் சென்றார். இறந்தவரின் தமையனார் அங்கு ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்: "இவள் என் தம்பியோடு வாழ்ந்தவள்தான், சட்டப்படி மணந்தவள் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

குலதெய்வக் கோவிலில், 200 பேர் உண்டு வாழ்த்திய திருமணம் அது. ஆயினும் அதற்குத் தாளில் ஒரு வரி அத்தாட்சி இல்லை. குடும்ப அட்டை மாமனார் பெயரில் இருந்தது. ஆதார் அட்டையில் அப்பெண்ணின் தந்தை பெயரே இருந்தது. சங்கத்தின் பணம் மட்டுமன்று. விபத்து இழப்பீடு, அரசின் நிவாரணத் தொகை அனைத்தும் அந்த ஒரு கேள்வியால் தடைப்பட்டு நின்றன. கணவனை இழந்த துயரம் ஆறுமுன்னரே, தாம் மனைவி என்பதனை மெய்ப்பிக்கும் பாரமும் அவர்மீது விழுந்தது. அந்த மாதங்களில் அவர் வட்டிக்குக் கடன் வாங்கியே குடும்பத்தை நடத்தினார்.

முடிவில் வழி காட்டியது ஒரு பழைய பத்திரிகை. தாய் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில், புடவைக்குக் கீழே, சிவகாசி அச்சகம் ஒன்றில் அச்சிட்ட அவருடைய கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. நாள், நேரம், கோவில், இரு வீட்டார் பெயர்கள் அனைத்தும் அதில் இருந்தன. அதனோடு தகப்பன் பெயர் எழுதிய மகளின் பிறப்புச் சான்றும், ஊரார் வாக்குமூலமும் சேர்ந்தபின் வாரிசுச் சான்று கிடைத்தது. இதற்கு ஆன காலம் 11 மாதங்கள்.

இன்னொன்றும் சொல்லல் வேண்டும். தமையனார் தீயவர் அல்லர். முழுத் தொகையும் மருமகளுக்கே போய்விடும், வயது முதிர்ந்த தம் தாயார் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று அவர் அஞ்சினார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். ஒவ்வொருவருக்கும் சம பங்கு உண்டு. இக்குடும்பத்தில் மனைவி, மகள், தாய் என மூவர். ஆகவே மூன்று சம பங்குகள். இதனை எடுத்துக் கூறியவுடன் அவர் தம் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றார். தாயின் உரிமையைச் சட்டம் முன்னரே காத்திருந்தது. அதனை அறியாமையால் 11 மாதங்கள் வீணாயின.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நேர்ந்த விபத்துக்களை நம் மாவட்டம் மறவாது. தீயோடு பழகும் தொழில் நிறைந்த மண்ணில், மணப் பதிவு என்பது வெறும் சடங்கன்று; அது குடும்பத்தின் காப்பு.

ஊர் ஒப்பியதும் நீதிமன்றம் ஒப்பாததும்

"ஊரறிய நடந்த மணத்திற்குத் தாள் எதற்கு?" என்று கேட்போர்க்கு நம் மாவட்டத்து வரலாறே விடை கூறும்.

1928 மே 28 அன்று அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் ஈ.வெ.ராமசாமி அவர்கள் தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. புரோகிதரும் மந்திரமும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்களுள் அதனையே முதலாவதாகக் கூறுவர். பின்னர் இம்முறையில் எண்ணற்ற மணங்கள் தமிழகமெங்கும் நடந்தன. ஊர் ஒப்பியது, உறவும் ஒப்பியது. ஆயினும் 1953-ல், இம்முறையில் நடந்த ஒரு மணத்தைப் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், இந்துத் திருமணத்திற்குரிய சடங்குகள் நிறைவேறாமையால் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆண்டுக்கணக்கில் மனைவியராய் வாழ்ந்த பெண்கள் எத்தனை பேர் அன்று திகைத்திருப்பர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1967-ல் முதலமைச்சர் அண்ணா அவர்களின் அரசு இக்குறையை நீக்கிற்று. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகத் தமக்கு விளங்கும் மொழியில் கூறினாலும், மாலை மாற்றிக்கொண்டாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் அம்மணம் செல்லும். முன்னர் அவ்வாறு நடந்த மணங்களுக்கும் சட்டம் ஏற்பு அளித்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டுவது யாது? மணம் எம்முறையில் நடப்பினும் ஆகுக. அதனைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் நடந்தது என்பதற்குச் சான்று வேண்டும். மணத்தை உண்டாக்குவது பதிவேடு அன்று. மணமக்களின் இசைவும் அவர்தம் முறையுமே. மணத்தைப் பிற்காலத்தில் காத்து நிற்பது பதிவேடு.

இன்றைய சட்டம்

2006 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம், எம்மதத்தினராயினும் எல்லாத் திருமணங்களும் கட்டாயமாகப் பதியப்படல் வேண்டும் என்று பணித்தது. அதனையொட்டித் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டு, 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் முறை வருமாறு:

1. இடம்: சார்பதிவாளர் அலுவலகம். அருப்புக்கோட்டை, சிவகாசி, சாத்தூர், விருதுநகர், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களில் இவ்வலுவலகங்கள் உள்ளன. முன்னர் மணம் நடந்த இடத்துக்குரிய அலுவலகத்திலேயே பதிய வேண்டியிருந்தது. 2020-ல் செய்த திருத்தத்தால் மணமகன் அல்லது மணமகள் வசிக்கும் இடத்து அலுவலகத்திலும் பதியலாம்.

2. காலம்: மணநாளிலிருந்து 90 நாட்கள். தவறினால் மேலும் 60 நாட்கள், கூடுதல் கட்டணத்துடன்.

3. விண்ணப்பம்: படிவம் இரண்டு பிரதிகள். மணமக்கள் இருவர், மணத்தை நடத்தி வைத்தவர், சாட்சிகள் இருவர் ஆகியோர் கையெழுத்திடல் வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்திலும் விண்ணப்பத்தை நிரப்பலாம்.

4. ஆவணங்கள்: வயதுக்குப் பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, முகவரிக்கு ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை போன்றவை, மணம் நடந்ததற்குக் கல்யாணப் பத்திரிகை அல்லது கோவில் இரசீது, மணமக்கள் புகைப்படங்கள். இருவருள் ஒருவர் முன்னர் மணமானவராயின் முதல் துணையின் இறப்புச் சான்று அல்லது விவாகரத்துத் தீர்ப்பின் நகல்.

5. கட்டணம்: அரசு விதித்த கட்டணம் சிறிய தொகையே. அதற்கு இரசீது கேட்டு வாங்குக. இடையில் நிற்கும் தரகரிடம் செல்ல வேண்டுவதில்லை. சார்பதிவாளர் பதிய மறுத்தால் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

விண்ணப்பத்தில் பெயரும் தலைப்பெழுத்தும் பள்ளிச் சான்றில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். ஒரு சீட்டில் 'முத்துலட்சுமி' என்றும் மற்றொன்றில் 'முத்துலெட்சுமி' என்றும் இருந்தால், பிற்காலத்தில் இவ்விருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் வேலை வந்து சேரும். கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும்போதே இதனைச் சரிபார்த்தல் நன்று. சிவகாசியில் அச்சாகும் பத்திரிகைகளுள் இரண்டினையேனும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பழைய மணங்கள்

2009-க்கு முன் மணந்தவர்களும், காலக்கெடுவைத் தவற விட்டவர்களும் மனம் தளர வேண்டுவதில்லை. இந்துக்கள் இந்துத் திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி பதியலாம். எம்மதத்தினரும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, தாம் முன்னரே முறைப்படி மணந்து கணவன் மனைவியாய் வாழ்ந்து வருவதனைப் பதியலாம். தறிக்குழியில் 30 ஆண்டுகள் ஒருங்கே உழைத்த தம்பதியர், "இந்த வயதில் எங்களுக்கு ஏன்?" என்று கேட்பர். குடும்ப ஓய்வூதியம் முதலியன வேண்டப்படுவது அந்த வயதிற்குப் பிறகே என்பதனை அவர்கட்கு எடுத்துரைத்தல் நம் கடமை.

பதியாத ஒரே காரணத்தால் எந்த மணமும் செல்லாததாகிவிடாது. அவ்வாறு கூறி ஒரு பெண்ணை வீட்டை விட்டு வெளியேற்ற முயல்வோர் சட்டத்தைப் பிழையாகக் கூறுகின்றனர்.

வேறு முறைகள்

தேவாலயத்தில் மணம் புரிவோர்க்கு அங்குள்ள பதிவேடும், முஸ்லிம் அன்பர்களுக்கு நிக்காஹ் பதிவேடும் உண்டு. அவற்றில் கையெழுத்தாவது நன்றே. எனினும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் உரியது என்பதனை மறத்தலாகாது.

வெவ்வேறு மதத்தினர் மதம் மாறாமலே மணக்க விரும்பினால், அவர்கட்குரியது சிறப்புத் திருமணச் சட்டம். இங்கு முன் அறிவிப்பு உண்டு. மணமக்களுள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் குறைந்தது 30 நாட்கள் வசித்திருத்தல் வேண்டும். திருமண அலுவலரிடம் கொடுக்கும் அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும். 30 நாட்கள் கழிந்தபின், சாட்சிகள் மூவர் முன்னிலையில் மணம் நடைபெறும். அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதங்களுக்குள் அது நடந்துவிடல் வேண்டும். வயது, முன்மணம், நெருங்கிய இரத்த உறவு போன்ற சட்டக் காரணங்களுக்காக மட்டுமே ஆட்சேபணை கூறலாம். சாதி வேறு, வீட்டார்க்கு விருப்பமில்லை என்பன ஆட்சேபணைகள் ஆகா.

வயது

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பியிருத்தல் வேண்டும். 1978-ல் செய்த திருத்தம் முதல் இவ்வயது வரம்பே இருந்து வருகிறது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, சிறு வயதில் மணம் செய்து வைப்பவரும், அதற்குத் துணை நிற்பவரும் தண்டனைக்குரியவர். பருத்தி விலை நன்றாக இருக்கும் ஆண்டிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று 17 வயதுப் பெண்ணுக்கு நாள் குறிக்கும் வீடுகளை நாம் கண்டதுண்டு. பருத்தி மறு ஆண்டும் விளையும். பெண்ணின் படிப்பு நின்றால் மீண்டும் தொடங்குவது அரிது. இத்தகைய ஏற்பாடு கண்ணில் பட்டால் 1098 என்ற சிறார் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

சங்கம் செய்ய வேண்டுவது

சார்பதிவாளர் அலுவலகத்துப் பதிவோடு வேலை முடிவதில்லை. சான்றின் நகலோடு சங்கத்திற்கு வந்து, நாமினி பெயரைத் திருத்தி எழுதிக் கையெழுத்திடல் வேண்டும். நாமினி என்பவர் சங்கத்திடமிருந்து தொகையைப் பெற்றுக்கொள்வதற்குக் குறிக்கப்பட்டவர். அதனாலேயே பிற வாரிசுகளின் உரிமை அழிந்துவிடாது. வங்கிக் கணக்கு, காப்பீடு, குடும்ப அட்டை, நல வாரிய அட்டை ஆகியவற்றிலும் இவ்வாறே செய்தல் வேண்டும். கைத்தறி நெசவாளர்க்கும், பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்க்கும் நல வாரியங்கள் உள்ளன. உதவி கேட்டுச் செல்லும்போது அங்கு முதலில் கேட்பது உறவுக்கான சான்றையே.

காரியதரிசிகளுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. மாதக் கூட்டத்தில் நூல் இருப்பும் கூலிப் பட்டியலும் படித்து முடிந்தபின், "இம்மாதம் யார் வீட்டில் கல்யாணம்?" என்று ஒரு வாய் கேளுங்கள். அப்பெயரைக் குறித்து வைத்து, இரண்டாம் மாதக் கூட்டத்தில், "பதிந்தாயிற்றா?" என்று மறுபடியும் கேளுங்கள். இதற்குச் சங்கத்தின் நிதியிலிருந்து ஒரு காசும் செலவாகாது.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் மணமான பின்னும் நாமினி பெயரை மாற்றாத அங்கத்தினர் எத்தனை பேர்?
2. 2009-க்குப் பின் மணந்தவர்களுள் சான்று வைத்திருப்போர் எத்தனை பேர்?
3. பதியாதிருப்பதற்குக் காரணம் யாது? அறியாமையா, கூலி இழப்பா, தொலைவா? அதனைச் சங்கம் எவ்வாறு போக்கலாம்?
4. உயில் எழுதாமல் இறந்த ஓர் அங்கத்தினர்க்கு மனைவி, இரு மகள்கள், தாய் உளர். பங்குகள் எத்தனை?

முதலில் நாம் கூறிய பெரியவர், பேத்தியின் கல்யாணத்திற்கு நம்மையும் அழைத்துள்ளார். பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவி, "ஐயா, பெயரெல்லாம் பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட்டில் உள்ளபடியே அச்சடித்திருக்கிறேன், ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று நீட்டினார். பார்த்தோம், பிழை ஒன்றும் இல்லை. தொண்ணூறாம் நாள் எந்தத் தேதியில் வருகிறது என்பதனையும் கணக்கிட்டு, அப்பத்திரிகையின் பின்புறத்திலேயே எழுதிக் கொடுத்தோம்.